மூலிகைப் பவுடர் கொடுத்தால் மாடு கூடுதலாகக் கறக்குமா? எது வேலை செய்யும், எது செய்யாது? முழு விளக்கம்

"ஏழே நாளில் 2 லிட்டர் பால் கூடும்." "மூலிகைதானே, பக்க விளைவே கிடையாது." தீவனக் கடை கவுண்டரில் ஆரம்பித்து வாட்ஸ்அப் குரூப் வரை கறவை மாடு வைத்திருப்பவர்கள் தினமும் கேட்கும் வசனங்கள் இவை. புண்ணாக்கு விலையும் தவிடு விலையும் ஏறிக்கொண்டே போக, பால் விலை மட்டும் அதே வேகத்தில் ஏறுவதில்லை. அந்த இடைவெளியில்தான் மூலிகைப் பவுடர், அசோலா, முருங்கை இலை, தண்ணீர்விட்டான் கிழங்கு என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன.

இதில் எதுவுமே வேலை செய்யாது என்று சொல்லிவிட முடியாது. எல்லாமே வேலை செய்யும் என்று நம்பிவிடவும் கூடாது. இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றும் ஒரு குடும்பத்துக்கு, மாதம் 600 ரூபாய் வீணாகப் போவதும் மிச்சமாவதும் பெரிய விஷயம். எதற்குச் செலவு செய்யலாம், எதற்குக் கூடாது? பார்ப்போம்.

சுருக்கமாக: தெரிந்துகொள்ள வேண்டிய 5 விஷயங்கள்

- வயிறு நிறையாத மாட்டுக்கு எந்த மூலிகை கொடுத்தாலும் பால் கூடாது. முதலில் பசுந்தீவனம், அடர்தீவனம், தாது உப்பு, தண்ணீர். அதற்குப் பிறகுதான் மற்றவை.
- அசோலா நல்ல தீவனம். ஆனால் அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். புண்ணாக்கை மொத்தமாக நிறுத்த அது போதாது.
- முருங்கை, அகத்தி, வேலிமசால் போன்றவற்றில் உண்மையிலேயே புரதம் அதிகம். வீட்டு வேலியிலேயே வளர்க்கலாம்.
- "இயற்கை" என்றால் "ஆபத்தில்லை" என்று அர்த்தமில்லை. இளஞ்சோளம், சவுண்டல், உண்ணிச்செடி எல்லாமும் இயற்கைதான்.
- பவுடர் வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டும் ஒரு அளவுக் குவளையும் போதும். எப்படி என்று கீழே சொல்கிறோம்.

மாட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

மாட்டுக்கு இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. அதில் முதல் அறையான பெருவயிறு, வளர்ந்த பசுவுக்கு 100 லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடிய ஒரு பெரிய பானை மாதிரி. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலையும் புல்லையும் மாடு நேரடியாகச் செரிப்பதில்லை. இந்த நுண்ணுயிர்கள்தான் நொதிக்க வைத்து மாட்டுக்குத் தேவையான சக்தியைக் கொடுக்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே மாட்டுக்குப் புரதமாகவும் மாறிவிடுகின்றன.

அதனால் மாட்டுக்குத் தீனி போடுவது என்றால் உண்மையில் இந்த நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுவதுதான். மூலிகைகள் வேலை செய்வதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். செடிகளில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானின், நுரை வரும் பொருளான சப்போனின், வாசனை எண்ணெய்கள் ஆகியவை சில நுண்ணுயிர்களை அடக்கும், சிலவற்றை வளரவிடும். அளவு சரியாக இருந்தால் செரிமானம் சீராகும். அளவு மீறினால் மாடு தீனியே எடுக்காது. மருந்துக்கும் விஷத்துக்கும் வித்தியாசம் அளவில்தான் இருக்கிறது.

முதலில் அடிப்படைத் தீவனம் சரியா?

மூலிகைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு கறவைப் பசுவுக்கு உடலைப் பராமரிக்க மட்டும் நாளைக்கு ஒன்றரை கிலோ அளவுக்கு அடர்தீவனம் தேவை. அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ சேர்க்க வேண்டும். எருமைக்கு 2 லிட்டருக்கு ஒரு கிலோ. இது பொதுவாக வழக்கத்தில் இருக்கும் கணக்கு.

10 லிட்டர் கறக்கும் பசு என்றால் ஒன்றரையும் நான்கும் சேர்த்து ஐந்தரை கிலோ. பசுந்தீவனம் தாராளமாகக் கிடைத்தால் இதைக் குறைக்கலாம். இதோடு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனமும் 4 முதல் 6 கிலோ வைக்கோல் அல்லது சோளத்தட்டையும் வேண்டும். பசுந்தீவனத்தில் கம்பு நேப்பியர், சோளம் போன்ற புல் வகை மூன்று பங்கு என்றால், தட்டைப்பயறு, குதிரை மசால், வேலிமசால் போன்ற பயறு வகை ஒரு பங்காவது இருக்க வேண்டும். புல்லில் மாவுச்சத்து, பயறில் புரதம். இரண்டும் சேர்ந்தால்தான் முழுச் சாப்பாடு.

அடுத்து தண்ணீர். பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். ஒரு லிட்டர் பாலுக்குக் குறைந்தது 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கழுநீர் காட்டினால் போதும் என்பது பழைய பழக்கம். கலப்பினக் கறவை மாட்டுக்கு அது பத்தாது. நாள் முழுக்கத் தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும். "தண்ணித் தொட்டி கட்டின பிறகு பால் கூடுச்சு" என்று பலர் சொல்வது சும்மா இல்லை.

மூன்றாவது தாது உப்பு. ஒரு லிட்டர் பாலில் சுமார் 1.2 கிராம் கால்சியம் வெளியே போகிறது. 10 லிட்டருக்கு 12 கிராம். இதை எந்த வேரும் இலையும் தினசரி முழுதாக ஈடுகட்டிவிடாது. வளர்ந்த கறவை மாட்டுக்கு நாளைக்கு 50 கிராம் அளவில் தாது உப்புக் கலவை கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமான தனுவாஸ் தாது உப்புக் கலவையைத் தயாரித்து விற்கிறது. கால்நடை மருத்துவமனையில் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் பால் குறைவாக இருந்தால், அப்போது மற்றதை யோசிக்கலாம்.

அசோலா: பச்சைத் தங்கமா, வெறும் தண்ணீரா?

அசோலா என்பது தண்ணீரில் மிதக்கும் ஒரு குட்டிப் பெரணிச் செடி. இதன் இலைக்குள் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. காற்றில் இருக்கும் நைட்ரஜனை அது பிடித்துக் கொடுப்பதால் அசோலாவில் புரதம் அதிகம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திராவின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் இதை மாட்டுத் தீவனமாகப் பரப்பியதில் முக்கியப் பங்கு வகித்தது.

"அசோலாவில் 25 சதவீதம் புரதம்" என்று விளம்பரங்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் அது காயவைத்த அசோலாவின் கணக்கு. பச்சையாகப் போடும் அசோலாவில் 93, 94 சதவீதம் தண்ணீர். ஆகவே 2 கிலோ பச்சை அசோலாவில் உலர்ந்த பொருள் 120 கிராம்தான். அதில் புரதம் 30 கிராமுக்குள்.

10 லிட்டர் பாலில் வெளியே போகும் புரதம் மட்டும் 300 கிராமுக்கு மேல். அந்த 30 கிராம் புரதத்தை சுமார் 70 கிராம் கடலைப் புண்ணாக்கிலேயே எடுத்துவிடலாம். அதாவது ஒரு பெரிய கைப்பிடி.

அப்படியென்றால் அசோலா வேண்டாமா? அப்படியில்லை. வெறும் வைக்கோலும் தவிடும் தின்னும் மாட்டுக்கு அசோலாவில் இருக்கும் புரதம், தாதுக்கள், வைட்டமின் ஏ தரும் கரோட்டின் எல்லாமே லாபம்தான். கோடையில் பச்சையே கிடைக்காதபோது அது பெரிய ஆறுதல். ஏற்கெனவே நன்றாகத் தின்னும் மாட்டுக்குப் போட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பக்கத்து வீட்டில் பால் கூடியது, நம் வீட்டில் கூடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எப்படி வளர்ப்பது? நிழல் விழும் இடத்தில் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி எடுத்து சில்பாலின் ஷீட் விரிக்க வேண்டும். 10 முதல் 15 கிலோ சலித்த மண், 2 கிலோ சாணம் கரைத்த தண்ணீர், 30 கிராம் சூப்பர் பாஸ்பேட் போட்டு, 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட வேண்டும். அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை விதை அசோலா தூவினால் இரண்டு வாரத்துக்குள் குழி நிறைந்துவிடும். அதன் பிறகு நாளைக்கு அரை கிலோவுக்கு மேல் எடுக்கலாம்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு குழியில் அரை கிலோதான் வரும். ஒரு மாட்டுக்கு 2 கிலோ வேண்டும் என்றால் மூன்று, நான்கு குழி தேவை. ஒரே குழி போட்டுவிட்டு, "அசோலா போட்டேன், ஒண்ணும் ஆகலை" என்று சொல்வது அசோலாவின் தப்பு இல்லை. எடுத்த அசோலாவைச் சாண வாடை போக நன்றாக அலசி, முதலில் அடர்தீவனத்தோடு கலந்து பழக்க வேண்டும்.

முருங்கை, அகத்தி, வேலிமசால்: வேலியில் இருக்கும் புண்ணாக்கு

முருங்கை இலையைக் காயவைத்துப் பார்த்தால் அதில் கால் பங்கு அளவுக்குப் புரதம் இருக்கும். நாம் ரசத்துக்கும் பொரியலுக்கும் பறிக்கும் அதே இலைதான். இதை மாட்டுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில் நடந்தது. தரம் குறைந்த காய்ந்த புல்லை மட்டுமே தின்ற நாட்டு மாடுகள் நாளைக்கு 3.1 கிலோ பால் கறந்தன. உலர் எடைக் கணக்கில் 2 கிலோ முருங்கை சேர்த்ததும் அது 4.9 கிலோ ஆனது. 3 கிலோ கொடுத்தபோது 5.1 கிலோ. 2006ல் இந்த முடிவுகள் வெளியாயின.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அவை மோசமான தீவனத்தில் இருந்த மாடுகள். அதனால்தான் ஏற்றம் இவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. இரண்டு, 2 கிலோவிலிருந்து 3 கிலோவுக்குப் போனபோது பால் 200 கிராம்தான் கூடியது. நிறையக் கொடுத்தால் நிறையக் கறக்கும் என்பது ஒரு எல்லை வரைதான். உலர் எடையில் 2 கிலோ என்றால் பச்சையாகக் கிட்டத்தட்ட 10 கிலோ கிளையும் இலையும். வாசலில் நிற்கும் ஒரு மரம் இதற்குப் பத்தாது. தீவனத்துக்கென்றே நெருக்கி நட்டு, ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வெட்ட வேண்டும். பச்சை முருங்கையைக் கறப்பதற்குச் சற்று முன் நிறையக் கொடுத்தால் பாலில் பச்சை வாடை வரலாம். கறந்த பிறகு கொடுப்பது நல்லது.

அகத்தி, வேலிமசால், கிளைரிசிடியா ஆகியவையும் இதே வரிசையில் வருபவை. கிளைரிசிடியாவின் வாடை முதலில் மாட்டுக்குப் பிடிக்காது. வெட்டி அரை நாள் வாடவிட்டுப் போட்டால் தின்னப் பழகிவிடும். மர இலைகள் எதுவாக இருந்தாலும் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

தண்ணீர்விட்டான் கிழங்கும் வெந்தயமும்

பால் சுரப்புக்கு என்று விற்கும் பெரும்பாலான பவுடர்களின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முதல் பெயர் சதாவரி என்று இருக்கும். அது நம் ஊர் தண்ணீர்விட்டான் கிழங்குதான். கூடவே வெந்தயம், சீரகம், சோம்பு, சுக்கு போன்றவை இருக்கும்.

தண்ணீர்விட்டான் கிழங்கில் சதாவரின் என்ற சப்போனின் வகைகள் இருக்கின்றன. இவை பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன்களுக்கு உதவுவதாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் பசுக்களிலும் எருமைகளிலும் நடந்த சோதனைகளில் சிலவற்றில் பால் கூடியது, சிலவற்றில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கூடிய இடங்களிலும் அது "ஏழு நாளில் 2 லிட்டர்" மாதிரியான பாய்ச்சல் இல்லை. கன்று ஈன்ற புதிதில் தீனி குறைவாக எடுக்கும் மாடுகளுக்கு, செரிமானம் தேறி, தீனி கூடி, அதனால் பால் ஏறுவதுதான் பொதுவாக நடக்கிறது.

இன்னொரு சிக்கல் கலப்படம். காய்ந்து பொடியான வேரைக் கண்ணால் பார்த்து, இது தண்ணீர்விட்டான் கிழங்குதானா என்று சொல்ல முடியாது. கிழங்காகவே வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொள்வது பாதுகாப்பு. வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துக் கொடுப்பது பல வீடுகளில் இருக்கும் வழக்கம். அளவு அதிகமானால் அதன் வாடை பாலிலும் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மடிநோய்க்கு மூலிகை: இதில் சோற்றுக்கற்றாழைதான் ஹீரோ

பால் கூட்டுவதைவிட, வரும் பாலைக் காப்பாற்றுவது பெரிய லாபம். கறவை மாட்டுக்காரர்களை அதிகம் நஷ்டப்படுத்தும் நோய்களில் மடிநோய் முன்வரிசையில் இருக்கிறது. ஒரு காம்பு போனால் அந்த மாட்டின் விலையே இறங்கிவிடும்.

இதற்குத் தஞ்சாவூரிலிருந்து ஒரு தீர்வு நாடு முழுக்கப் போயிருக்கிறது. தனுவாஸ் பேராசிரியராக இருந்த ந.புண்ணியமூர்த்தி, கிராமங்களில் இருந்த மரபுவழி மருத்துவ முறைகளைத் தொகுத்து, சோதித்து, அளவு சொல்லிப் பரப்பினார். இப்போது தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் இந்த முறைகளைப் பால் கூட்டுறவு அமைப்புகள் வழியாகக் கொண்டுபோகிறது.

தேவையானவை மூன்றே பொருள்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையைத் தோலோடு நறுக்கி மூன்றையும் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுது கிடைக்கும்.

மடியை நன்றாகக் கழுவி, நோய் வந்த காம்பில் இருக்கும் பாலை முழுசாகப் பீய்ச்சி வெளியேற்ற வேண்டும். ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 தடவை, 5 நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். விழுதைத் தினமும் புதிதாக அரைக்க வேண்டும். "ரெண்டு தடவை தடவினேன், கேட்கலை" என்றால் அது முறைப்படி செய்ததாகாது.

இதனால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை அந்தப் பாலை ஊற்றக் கூடாது. பலர் ஊற்றிவிடுகிறார்கள். அது குழந்தைகள் குடிக்கும் பாலில் போய்ச் சேர்கிறது. ஆரம்பத்திலேயே மூலிகையில் குணமானால் அந்தப் பிரச்சினையே வராது. ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல் அடித்தாலோ, மடி கல் மாதிரி இறுகினாலோ, பாலில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நோய் வந்த காம்பின் பாலை எந்தக் காரணத்துக்காகவும் விற்கக் கூடாது.

இயற்கைதானே என்று கொடுத்து ஆபத்தாகும் செடிகள்

இளஞ்சோளம்: இளம் பயிரிலும், மழையின்றி வாடிய பயிரிலும், வெட்டிய பிறகு வரும் துளிரிலும் சயனைடு விஷம் உருவாகும். மேய்ந்த கொஞ்ச நேரத்திலேயே மாடு விழுந்துவிடும். பூத்த பிறகு வெட்டுவது பாதுகாப்பு. மரவள்ளி இலையிலும் இதே ஆபத்து உண்டு.

சவுண்டல் என்கிற சூபாபுல்: புரதம் அதிகம்தான். ஆனால் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. தொடர்ந்து அதிகம் தின்றால் முடி கொட்டும், தைராய்டு வீங்கும், சினை பிடிப்பது பாதிக்கும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்த வேண்டும்.

உண்ணிச்செடி, அரளி, ஆமணக்கு இலை: உண்ணிச்செடி ஈரலைப் பாதிக்கும். அரளி மிகக் கொஞ்சம் தின்றாலே உயிருக்கு ஆபத்து. வேலி ஓரம் அரளி வைத்திருந்தால், கழித்த கிளையை மாட்டுக் கொட்டகைப் பக்கம் போடவே கூடாது.

மிஞ்சிய சோறு: இது செடி இல்லைதான். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். கல்யாண வீட்டுச் சோறு, பொங்கல் அன்று மிஞ்சிய பொங்கல் எல்லாவற்றையும் பாசத்தோடு ஒரே நேரத்தில் கொட்டினால் பெருவயிற்றில் அமிலம் பெருகி மாடு படுத்துவிடும். ஆண்டுதோறும் பொங்கல் சமயத்தில் கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பது இதைத்தான்.

பூஞ்சை பிடித்த புண்ணாக்கு: மாட்டுக்கு மட்டும் பிரச்சினை இல்லை

மாடு வைக்காதவர்களும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவை ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். அதிலிருந்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வருகிறது. மாடு அதைத் தின்றால் ஈரல் கெடும், பால் குறையும். அதோடு நிற்காமல் அந்த நச்சு வேறு வடிவில் பாலிலும் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அதில் 368 மாதிரிகளில் இந்த நச்சு வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அந்தப் பட்டியலில் இருந்தன. டெல்லி, கேரளாவோடு சேர்த்து அதிகம் பாதிக்கப்பட்ட இடங்களில் நம் மாநிலமும் ஒன்று. காரணம் தீவனம்தான் என்று அப்போது ஆணையமே சொன்னது.

ஆகவே 400 ரூபாய் கொடுத்து மூலிகைப் பவுடர் வாங்கும் முன், புண்ணாக்கு மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்திருக்கிறோமா, சுவரில் ஒட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை தெரிந்தால் "மாடுதானே, தின்னுட்டுப் போகுது" என்று போடாதீர்கள்.

மீத்தேன் குறைக்கும் தீவனம்: புதிதாகப் பேசப்படுவது என்ன?

மாடு ஏப்பம் விடும்போது மீத்தேன் வாயு வெளியேறுகிறது. புவி வெப்பமாவதற்கு அது ஒரு காரணம். மாட்டுக்காரருக்கும் அது நஷ்டம்தான். தின்ற தீனியின் சக்தியில் ஒரு பகுதி பாலாகாமல் வாயுவாகப் போகிறது.

பெங்களூருவில் இருக்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், டானின் நிறைந்த தாவரப் பொருட்களைக் கொண்டு "ஹரித் தாரா" என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியது. மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் வரை குறைவதாக அறிவிக்கப்பட்டது.

வெளிநாடுகளில் அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசி பரபரப்பாகப் பேசப்படுகிறது. தீவனத்தில் கொஞ்சம் சேர்த்தாலே மீத்தேன் பாதிக்கும் கீழே இறங்குகிறது. ஆனால் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது தீனி எடுப்பதும் பாலும் குறைந்தன. அதனால் கடற்கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளிவந்து தொட்டியில் போடும் வேலை வேண்டாம். அதில் உப்பும் மணலும் அதிகம் இருக்கும்.

கடையில் பவுடர் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

1. டப்பாவில் என்னென்ன பொருள், எத்தனை கிராம் என்று எழுதியிருக்க வேண்டும். "அரிய மூலிகைகள்" என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள்.
2. தயாரித்த தேதி, காலாவதி தேதி, பேட்ச் எண், தயாரிப்பாளர் முகவரி இருக்கிறதா?
3. அடர்தீவனம் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். கலப்புத் தீவனத்துக்கான தர எண் ஐ.எஸ். 2052.
4. நாள் கணக்கு, லிட்டர் கணக்குச் சொல்லிச் சத்தியம் செய்தால் சந்தேகப்படுங்கள்.
5. சினை மாட்டுக்குக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்காமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

வேலை செய்கிறதா? நீங்களே சோதிக்கலாம்

கன்று ஈன்ற பிறகு ஆறு முதல் எட்டு வாரம் வரை பால் தானாகவே ஏறும். அந்த நேரத்தில் எந்தப் பவுடர் கொடுத்தாலும் "பவுடரால் கூடியது" என்றுதான் தோன்றும். அதற்குப் பிறகு மெதுவாக இறங்கும். அப்போது நல்ல மருந்து கொடுத்தாலும் "வேலை செய்யலை" என்று தோன்றும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். உச்சம் தாண்டிய பிறகு, பவுடர் இல்லாமல் ஒரு வாரம் காலை, மாலை இரண்டு வேளைப் பாலையும் அளந்து காலண்டரில் எழுதுங்கள். பிறகு மூன்று வாரம் பவுடர் கொடுத்து எழுதுங்கள். அடுத்த ஒரு வாரம் நிறுத்திவிட்டு எழுதுங்கள். இந்த ஐந்து வாரமும் வேறு தீவனம் எதையும் மாற்றக் கூடாது. கொடுக்கும்போது ஏறி, நிறுத்தியதும் இறங்கினால் அது வேலை செய்கிறது. நிறுத்திய பிறகும் பெரிய மாற்றம் இல்லை என்றால் காசு வேஸ்ட்.

அடுத்து ரூபாய்க் கணக்கு. ஒரு உதாரணத்துக்கு, கிலோ 400 ரூபாய் பவுடரை நாளைக்கு 50 கிராம் கொடுத்தால் செலவு 20 ரூபாய். லிட்டருக்கு 38 ரூபாய் கிடைக்கிறது என்றால், தினமும் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் கூடினால்தான் போட்ட காசு திரும்பும். கால் லிட்டர் கூடியது என்று சந்தோஷப்பட்டால், உண்மையில் நாளைக்கு 10 ரூபாய்க்கு மேல் நஷ்டம். ஃபேட், எஸ்.என்.எஃப். அளவு ஏறுகிறதா என்று சொசைட்டி சீட்டையும் சேர்த்துப் பாருங்கள். சில சமயம் பால் கூடாமல் தரம் மட்டும் கூடும். விலையில் அதுவும் வரவுதான்.

எப்போது மூலிகையை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்?

மாடு ஒரு நாளுக்கு மேல் தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை. கன்று ஈன்ற ஓரிரு நாளில் கழுத்தை மடக்கிப் படுத்துக்கொண்டு எழ முடியவில்லை. இடது வயிறு உப்பி மூச்சு வாங்குகிறது. பால் திடீரென்று பாதியாகிவிட்டது. இதில் எது நடந்தாலும் இஞ்சியும் மிளகும் அரைத்துக்கொண்டு இருக்க நேரமில்லை. ஈன்ற மாடு எழ முடியாமல் கிடப்பது பெரும்பாலும் கால்சியம் குறைவால் வரும் பால் காய்ச்சல். உரிய நேரத்தில் கால்சியம் ஏற்றினால் மாடு எழுந்து நிற்கும். தாமதித்தால் உயிர் போகும். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

வேலியில் நாலு முருங்கையும் அகத்தியும், நிழலில் மூன்று அசோலா குழியும், கொட்டகையில் எப்போதும் நிறைந்த தண்ணீர்த் தொட்டியும், தினம் 50 கிராம் தாது உப்பும். இவை சரியாக இருந்தால் எந்தப் பவுடரையும் நிதானமாக யோசித்து வாங்கலாம். பல வீடுகளில் வாங்கவே தேவைப்படாது.